வலிக்காத புண்ணுக்குத்தான் பஸ் ஏறணும்!

முகத்துக்கு மஞ்சள், தலைக்குச் சீயக்காய், கைக்கு மருதாணி என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். பாதத்துக்கு? வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர், அதோடு சரி! சர்க்கரை வியாதி இல்லாதவர்களுக்கு அது போதும்தான். ஆனால் இன்றைக்குச் சர்க்கரை இல்லாத வீடு எது, சொல்லுங்கள்? நாடு முழுக்க எடுத்த கணக்கு ஒன்று 2023-ல் வெளிவந்தது. அதன்படி நம் தேசத்தில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு. ‘அது பட்டணத்து வியாதி, உட்கார்ந்து சாப்பிடறவங்க வியாதி’ என்று சொன்ன காலமெல்லாம் மலையேறிப் போச்சு. இப்போது அந்த வியாதியே மலையேறிவிட்டது.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நான் இருப்பது நாமக்கல் மாவட்டத்தில், சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சிறிய ஊர். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கி வருகிற மலைச் சனங்களை பஸ் ஸ்டாண்டில் தினமும் பார்க்கிறேன். மிளகு மூட்டையோடும் பலாப்பழத்தோடும் இறங்குவார்கள். இப்போதெல்லாம் இடுப்பில் சொருகிய சுருக்குப் பையில் சர்க்கரை மாத்திரை அட்டையும் இருக்கிறது. என் மாமியாருக்கே பதினாறு வருஷமாகச் சர்க்கரை. நான் படித்தது பத்தாவது வரைதான். டாக்டருக்குப் படித்தவள் இல்லை. ஆனால் பதினாறு வருஷமாக ஒரு ஜோடிக் காலை தினமும் பார்த்து வருகிறவள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

சர்க்கரை வியாதி ஏன் போயும் போயும் காலைப் பிடிக்கிறது? ரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் கூடுதலாகவே இருந்தால் நரம்புகள் கெட்டுப் போகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போகிறதுதான். அதனால் முதலில் அடி வாங்குவது கால் விரல் நுனி. சிலருக்கு எரிச்சல், ஊசி குத்துகிற மாதிரி உபாதை. அப்படியானால் தேவலை, டாக்டரிடம் ஓடுவார்கள். சிலருக்கோ ஒன்றுமே தெரியாமல் மெல்ல மெல்ல மரத்துப் போகும். கூடவே காலுக்கு வரும் ரத்தக் குழாய்களும் சுருங்கும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம். இந்த நிலையில் ஒரு சின்ன முள் தைத்தால் தைத்ததும் தெரியாது. ஆறுவதற்கு வேண்டிய ரத்தமும் வராது. உள்ளே சீழ் கோத்துக்கொள்வது மட்டும் ஜோராக நடக்கும்.

சர்க்கரையால் கால் எடுக்க நேர்ந்தவர்களைக் கணக்குப் பார்த்தால், நூற்றுக்கு 85 பேருக்கு அது முதலில் ஒரு சாதாரணப் புண்ணாகத்தான் ஆரம்பித்திருக்கிறது. அதாவது, புண்ணாக இருந்த நாளிலேயே யாராவது பார்த்திருந்தால் பெரும்பாலான கால்கள் தப்பியிருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் லாரியில் இருப்பார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். இஞ்சின் சூடு பட்டு வலது பாதத்தில் ஒரு கொப்புளம் வந்திருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினபோது ஈரமாக இருக்கவே, அவர் சம்சாரம் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். வெற்றிலைச் சுண்ணாம்பை வைத்துத் துணியால் சுற்றிக்கொண்டு அடுத்த லோடுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது நாற்றம். பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு மாத்திரை கொடுத்து அனுப்பினார்களாம். கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லி அங்கே யாருமே கேட்கவில்லை. மூன்றாவது வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

பார்க்கப் போயிருந்தபோது அவர் என்னிடம் சொன்னது ஒரே வார்த்தை: “வலிச்சிருந்தா அன்னிக்கே போயிருப்பனே அம்மிணி!”

கிராமத்தில் நாம் ஆஸ்பத்திரிக்குப் போகிற கணக்கே வலியை வைத்துத்தான். தாங்க முடியாத வலி என்றால் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு, பஸ் ஏறுவோம். வலி இல்லையென்றால் களையெடுப்பு முடியட்டும், நோம்பி முடியட்டும், சந்தைக்குப் போகிற நாளில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவோம். மற்ற வியாதிக்கெல்லாம் ஓரளவு சரிப்படுகிற இந்தக் கணக்கு சர்க்கரைக் காலுக்கு நேர்மாறு. வலிக்கிற புண்ணைவிட வலிக்காத புண்தான் ஆபத்து. வலிக்கவில்லை என்றால் புண் சின்னது என்று அர்த்தமில்லை. நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த உண்மையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் எங்கள் கொல்லிமலையில் பிறந்தவர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் மலைச் சனங்களுக்கு மருந்து கொடுக்க வந்த ஆங்கிலேயப் பாதிரிமார். அப்பா 1929-ல் காய்ச்சலில் அந்த மலையிலேயே இறந்து போனார். அம்மா ஈவ்லின் தள்ளாத வயதிலும் மட்டக்குதிரையில் ஏறி மலை மலையாகப் போனவர். சிறு பையனாக வெறுங்காலோடு இந்த மலையில் ஓடித் திரிந்த பால் பிராண்ட், இங்கிலாந்தில் படித்து ஆபரேஷன் டாக்டராகி, 1946-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார்.

அந்த நாளில், தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர் பார்த்தது வேறு. துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லையாம். ஒரு நோயாளிப் பையன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு வரை கிழிந்திருக்கிறது, அவனுக்குத் தெரியவே இல்லை! இன்னும் சிலருக்கு ராத்திரியோடு ராத்திரியாக விரல் குறைந்துபோகும் மர்மத்தை ஆராய்ந்தபோது, தூக்கத்தில் எலி கடித்தது தெரிய வந்தது. உணர்ச்சி இல்லாததால் அவர்கள் விழித்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்களாம்! கடைசியில் அவர் கண்டு சொன்னது, விரலைத் தின்பது வியாதி இல்லை, வலி தெரியாததால் நாம் காக்காமல் விடுவதுதான் என்று. அறுபதுகளில் அவர் அமெரிக்கா போனார். அங்கே சர்க்கரை வியாதிக்காரர்களின் காலிலும் அதே மாதிரிப் புண்ணைப் பார்த்து, வேலூரில் கற்ற பாடத்தையே அதற்கும் பயன்படுத்தினார்.

எலி விஷயத்தைப் பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். ஓட்டு வீட்டில், தானிய மூட்டைக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிற சர்க்கரைக்காரர்களை இன்றைக்கும் எலி கடிக்கிறது. காலைக் கழுவித் துடைத்துவிட்டு, போர்வையை பாதத்துக்கு அடியில் மடித்துப் போட்டுக் கட்டிலில் படுக்க வையுங்கள்.

தொழுநோயாளிகளுக்காக வேலூர்ப் பக்கம் உருவான இன்னொரு சாமான் எம்.சி.ஆர். செருப்பு. மெத்தென்ற நுண்துளை ரப்பர் உள்பக்கம், முள் ஏறாத கெட்டி ரப்பர் அடிப்பக்கம், குதிகாலுக்குப் பின்னால் வார். நம் ரப்பர் செருப்பில் கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு கட்டை இருக்கிறதே, அது இதில் கிடையாது. மரத்துப்போன காலில் அந்த இடுக்கில்தான் முதலில் அறுபடும். பாதத்தில் ஒரே இடத்தில் பாரம் விழாமல் பரவலாகத் தாங்குவதால் புண் வருவது குறைகிறது. தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் இதை இலவசமாகவே தருகிறார்கள். சர்க்கரைக்காரர்களுக்கும் இதுவே ஏற்றது.

ஏற்றதுதான், ஆனால் யார் போடுவது? என் மாமியாருக்கு வாங்கி வந்த அன்றைக்கு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். “ஏங்கண்ணு, இது அந்த வியாதிக்காரங்க செருப்பில்ல? இதைப் போட்டுட்டு நான் எப்படிக் கோயிலுக்குப் போவேன், ஊரு என்ன பேசும்?” என்று மூலையில் தள்ளிவிட்டார்கள். செருப்பு கறுப்பாக, பட்டை பட்டையாக, ஒரே மாதிரி இருந்தால் யாருக்குத்தான் மனசு வரும்? சேலத்தில் ஒரு செருப்புக் கடைக்காரரிடம் அதே ரப்பரை வைத்து, பழுப்பு நிறத்தில், மேலே சாதாரண வார் வைத்துத் தைத்துத் தரச் சொன்னேன். இப்போது அதை ‘சேலத்துச் செருப்பு’ என்று சொல்லிக்கொண்டு போடுகிறார்கள். சர்க்காருக்குச் செருப்பு தைத்துக் கொடுப்பவர்கள் நாலு நிறத்தில் தைத்தால் என்ன குறைந்துவிடும்?

வீட்டுக்குள் செருப்பு போடுவது அடுத்த யுத்தம். “வீட்டுக்குள்ள செருப்பா? லட்சுமி நிப்பாளா சாமி?” என்றார்கள். வெளியே ஒரு நாளும் போகாத புதுச் செருப்பு ஒரு ஜோடி தனியாக வைத்தேன். “அத்தை, இது மிதியடி மாதிரிங்க, பூஜை அறையை மட்டும் விட்டுடலாம்” என்று சொன்னதும் சமாதானம் ஆச்சு. அடுப்படியில் தெறிக்கும் கங்கு, கீழே விழுந்த ஊசி, குழந்தைகள் போடுகிற பல்பக் குச்சி, உடைந்த கண்ணாடி வளையல் என்று வீட்டுக்குள்ளேயே எத்தனை இருக்கிறது!

கோயில் சமாசாரமும் சொல்லியாக வேண்டும். சித்திரை வெயிலில் பிராகாரக் கல் எப்படிக் கொதிக்கும்! நமக்குச் சுடும், துள்ளி ஓடுவோம். மரத்த கால் நிதானமாக மூன்று சுற்றுச் சுற்றி வரும். ராத்திரி பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். விடிகாலையிலேயே போய் வரட்டும், கனத்த பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளட்டும். பழனிப் பாதயாத்திரை, மாரியம்மன் கோயில் பூமிதி என்று நேர்ந்துகொண்டவர்கள் அதை மாவிளக்காகவோ அன்னதானமாகவோ மாற்றிக்கொள்ளச் சொல்லிப் பூசாரியையே பேசச் சொல்லுங்கள். நாம் சொன்னால் கேட்க மாட்டார்கள், அவர் சொன்னால் கேட்பார்கள்.

சரி, உணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரிய ஆஸ்பத்திரியில் நைலான் நரம்பு மாதிரி ஒன்றால் பாதத்தில் தொட்டுப் பார்ப்பார்கள். அது இல்லாமலே செய்கிற சோதனை ஒன்றை இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் டாக்டர்கள் வகுத்திருக்கிறார்கள். வேண்டியது உங்கள் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அவர்களைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலிலும் கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல் நுனியை ஒன்றிரண்டு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. தொட்டது தெரிந்தால் ‘வலது’, ‘இடது’ என்று சொல்லட்டும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். அதில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் நான் செய்வது இது. வெதுவெதுப்பான நீரில் காலைக் கழுவுவது. சூட்டை என் முழங்கை வைத்துப் பார்ப்பேன். அவர்களைக் காலை விட்டுப் பார்க்கச் சொல்லக் கூடாது. ஊற வைப்பதும் கூடாது. மெல்லிய துணியால் விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைப்பது. வயல் சேற்றில் நிற்பவர்களுக்கு இந்த இடுக்கில்தான் சேற்றுப்புண் வரும். பிறகு வெளிச்சத்தில் உள்ளங்கால், குதிகால், நகக்கண் எல்லாம் பார்ப்பது. பித்தவெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், ஆனால் விரல் இடுக்கில் தடவக் கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரத்தை உள்ளே தோண்டக் கூடாது. கால் ஆணியை பிளேடால் சீவுவது, கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரி ஒட்டுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் பிளாஸ்திரியில் உள்ள திராவகம் நல்ல தோலையும் அரித்துவிடும். செருப்பைப் போடுமுன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கையை விட்டுப் பார்ப்பதும் உண்டு. ஒருநாள் சீமைக் கருவேல முள் ஒன்று அடிப்பக்கத்திலிருந்து மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது!

தனியாக இருக்கிற பாட்டிமார் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம் என்பார்கள். கண் மங்கியவர்களுக்கு அது ஆகாது. பள்ளிக்கூடம் போகிற பேத்தியை நாலணா மிட்டாய்க்குப் பார்க்கச் சொன்ன காலம் போய், இப்போது ஐந்து ரூபாய் சாக்லேட் கேட்கிறார்கள். கொடுத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பரவாயில்லை.

புண்ணைப் பார்த்துவிட்டோம், அப்புறம்? சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான உலர்ந்த துணியால் மூடி, அன்றைக்கோ மறுநாளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், பீடிச் சாம்பல் எதுவும் வேண்டாம். சூட்டு ஒத்தடம் வேண்டவே வேண்டாம். புண்ணே இல்லாமல் ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, மற்றக் காலைவிடச் சூடாக இருந்தாலும் அன்றைக்கே போகணும். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, புண் இருக்கிற காலை ஊன்றி நடந்தால் எந்த மருந்துக்கும் ஆறாது. கூலிக்குப் போகிறவர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். இரண்டு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னால் “சோத்துக்கு?” என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டார் ஆளுக்கு ஒரு படி அரிசி கொடுத்தாவது உட்கார வைக்கலாம். எங்கள் தெருவில் ஒருத்திக்கு அப்படிச் செய்தோம், புண் ஆறியது.

தூரம்தான் பெரிய தடை. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற மலையிலிருந்து இறங்கி வர முடியுமா? செங்கல்பட்டு மாவட்டத்துச் சுணாம்பேடு கிராமத்தில் 2006-ல் டாக்டர் வி. மோகன் குழுவினர் ஒரு காரியம் செய்தார்கள். நோயாளியை வரச் சொல்லாமல் ஒரு வேனையே ஆஸ்பத்திரியாக்கி ஊர் ஊராக அனுப்பினார்கள். சுற்றியுள்ள 42 கிராமங்களுக்கு அது போனது. வேனிலேயே சர்க்கரைச் சோதனை, கண்ணைப் படம் எடுப்பது, காலில் உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் பார்ப்பது எல்லாம் நடந்தன. சாட்டிலைட் வழியாக சென்னை டாக்டரிடம் பேச இஸ்ரோ உதவியது. உள்ளூர்ப் பிள்ளைகளையே வேலைக்குப் பழக்கினார்கள். சுமார் இருபது வருஷத்துக்கு முன் இந்தியா, வங்காளதேசம், இலங்கை, தான்சானியா நாடுகளில் ‘ஸ்டெப் பை ஸ்டெப்’ என்று இன்னொரு ஏற்பாடும் நடந்தது. சின்ன ஊர்களிலிருந்து ஒரு டாக்டரையும் ஒரு நர்ஸையும் ஜோடியாகக் கூப்பிட்டுக் கால் வைத்தியம் சொல்லிக் கொடுத்து, கருவிப் பெட்டியும் கொடுத்து, மறு வருஷம் திரும்ப அழைத்துப் பார்த்தார்கள். ஜோடியாக என்பதுதான் எனக்குப் பிடித்தது. டாக்டர் மாறிப் போவார், நர்ஸம்மா இருப்பார்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிய பிறகு, எங்கள் ஊரிலும் சர்க்கரை மாத்திரை வாசலுக்கே வந்தது. மகளிர் குழுப் பெண் ஒருத்தி பையும் கையுமாக வந்து ரத்தம் எடுத்துப் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போவாள். முதல் தடவை வந்தபோதே, “ஏன் சாமி, அத்தை காலையும் ஒரு தடவை பார்த்துட்டுப் போயேன்” என்றேன். “அது என் நோட்டில இல்லீங்க்கா” என்று சிரித்தாள். மாட்டேன் என்று சொல்லவில்லை, உட்கார்ந்து பார்த்தாள். அந்த விரல் சோதனையை அவளுக்கும் காட்டிக் கொடுத்தேன். அப்புறம் போகிற வீட்டிலெல்லாம் செருப்பைக் கழற்றச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டு ‘கால் பார்த்தாச்சா?’ என்று எழுதினால் போதும். சிலவே இல்லாத காரியம்.

கட்டுப் போடுவதையும் வீட்டில் ஒருத்தர் நர்ஸம்மாவிடம் கற்றுக்கொள்ளலாம். நான் மூன்று தடவை பக்கத்தில் நின்று பார்த்தேன், நாலாவது தடவை என்னையே போடச் சொன்னார். வாரம் ஒருமுறை மட்டும் காட்டினால் போதும் என்றாகி, வாரத்துக்கு இரண்டு பஸ் பயணம் மிச்சம். மலையில் சோளக்காட்டுச் சந்தைக்கு அத்தனை ஊர்ச் சனமும் வருகிறது. அங்கே சந்தை நாளில் ஒரு பெஞ்சும் ஒரு நர்ஸும் இருந்தால், பழக்கூடையை இறக்கி வைத்த கையோடு காலையும் காட்டிவிட்டுப் போவார்கள். இதை ஒரு மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

போன மாதம் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் சந்தா வசூல் முடிந்ததும், சர்க்கரை உள்ள பதினோரு பேரின் காலைத் தொட்டுப் பார்த்தோம். ஒரே சிரிப்பும் கூச்சமும்தான் முதலில். மூன்று பேருக்கு ஆறில் இரண்டுக்கு மேல் தெரியவில்லை. அதில் ஒருத்திக்குக் குதிகாலில் விரல் நுழைகிற வெடிப்பு, உள்ளே ஈரம். இரண்டு பேர் மறுநாளே சுகாதார நிலையத்துக்குப் போய் வந்துவிட்டார்கள். அந்த வெடிப்புக்காரி மட்டும் சின்ன வெங்காயம் அறுப்பு முடியட்டும் என்கிறாள். வலிக்கவே இல்லையாம். வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்கு நானே கூட்டிப் போகிறேன். அவள் பங்கு வெங்காயத்தை என் மருமகன் ஆள் வைத்து அறுத்துக் கொடுப்பதாகப் பேச்சு.